இருபத்து நாலாயிரத்து ஒன்பது

'சிஸ்டம் எரர்' என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. பேங்கில் சொல்கிறார்கள், ரேஷன் கடையில் சொல்கிறார்கள், கேஸ் ஏஜென்சியில் சொல்கிறார்கள். சிஸ்டம் தானாக ஒரு தப்பும் செய்வதில்லை ஐயா. அதன் முன்னால் உட்கார்ந்து, எல்லாம் தெரிந்த மாதிரி விசையைத் தட்டின ஒரு ஆள் செய்கிறார். அந்த ஆள் நான். வையம்பட்டிப் பக்கத்தில் ஒரு பெண் கழுத்துக் கட்டியோடு செத்துப்போனாள். அவளுக்கு என்ன வியாதி என்று சொல்லும் காகிதம் அவள் சாகும்வரை எங்கள் லேப் அலமாரியில்தான் இருந்தது. அது அவள் கைக்குப் போகாமல் பண்ணினவள் நான். இதுவரை யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வீடு ஸ்ரீரங்கத்தில். வேலை திருச்சி டவுனில், ரத்தம், சளி, சதை எல்லாம் பரிசோதிக்கிற ஒரு லேபில். பதினாறு வருஷமாக ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய் வருகிறேன். லேபில் கம்ப்யூட்டர் என்றால் நான் ஒருத்திதான். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், டேட்டாபேஸ் படுத்துக்கொண்டாலும் என்னைத்தான். வருகிறவர்களின் பெயரைப் பதிந்து, ரிப்போர்ட் அச்சடித்துக் கொடுக்கிற மென்பொருளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதினதும் நான். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

பெயரைப் பதிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் விழும். அதை யாரும் உட்கார்ந்து போடுவதில்லை. டேபிளின் முதல் நெடுவரிசையே அதற்குத்தான். ஒவ்வொரு ஆளாகச் சேரச் சேர அது தானாக ஒன்று ஒன்றாக ஏறும். முன்பெல்லாம் எங்கள் ஹாலில் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெயரோடு டெஸ்டையும் சேர்த்துக் கத்துவார்கள். பாலக்கரையிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, "ஏம்மா, என் பேரையும் என் யூரினையும் சேர்த்து ஊருக்கே ஏலம் போடணுமா?" என்று கவுண்டரில் ஒரு பிடி பிடித்துவிட்டார். அவர் கேட்டது நியாயம். அன்றோடு பெயரை எடுத்துவிட்டேன். கையில் ஒரு சின்ன அட்டை, அதில் எண். அட்டையைக் காட்டினால் கவுண்டரில் எண்ணைத் தட்டுவார்கள், ரிப்போர்ட் வந்துவிடும். பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், கேட்க வேண்டாம். டாக்டர் என்னை எல்லார் முன்னாலும் பாராட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

டாக்டர் என்றால் லேபின் முதலாளி. ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வியாதியைச் சொல்கிறவரும் அவரேதான். எழுபது வயது. கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர்.

அது மாசி மாதம். காலை ஆறரைக்கு லேபைத் திறந்த கையோடு கரண்ட் போயிருக்கிறது. யு.பி.எஸ். பேட்டரி செத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று நான் தை மாதமே சொல்லியிருந்தேன். சொன்னதோடு சரி, பின்னால் அலையவில்லை. சர்வர் பட்டென்று அணைந்து, கரண்ட் வந்ததும் தானாக எழுந்து உட்கார்ந்துகொண்டது. வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்களுக்குக் கவுண்டரில் பதிவும் தொடர்ந்தது. ஒன்பது மணிக்கு நான் உள்ளே நுழைந்தபோது டாக்டர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா இது? நேத்து கடைசி ஆளு இருபத்து மூவாயிரத்து ஆறு. இன்னைக்கு மொதல் ஆளு இருபத்து நாலாயிரத்து ரெண்டு. நடுவுல ஆயிரம் பேரை யாரு முழுங்கினா?"

யாரும் முழுங்கவில்லை. சர்வர் வேகத்துக்காக ஆயிரம் எண்களை முன்கூட்டியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும், பழைய கண்டக்டர் கையில் டிக்கெட் கட்டு இருந்த மாதிரி. திடீரென்று விழுந்து எழுந்தால் பாதி கிழித்த கட்டைத் தேடிக்கொண்டிருக்காது, அடுத்த கட்டைப் பிரித்துவிடும். பழைய கட்டில் மிச்சமிருந்த எண்கள் வீணாகப் போகும். போனால் போகட்டுமே! எண்தானே வீண், ஆள் இல்லையே. நடுவில் இடைவெளி விழாது என்று அந்த நெடுவரிசை ஒருநாளும் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. கொடுத்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கமாட்டேன் என்பது ஒன்றுதான் அதன் வாக்கு. இது என் தொழிலில் முதல் மாதமே படிக்கிற பாடம்.

டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. "அடுத்த வாரம் தரச் சான்றிதழுக்கு ஆளுங்க வராங்க. ரிஜிஸ்டர்ல நம்பர் வரிசையா இருக்கான்னுதான் மொதல்ல பார்ப்பாங்க. ஆயிரம் நம்பரைக் காணோம்னா ஆயிரம் ரிப்போர்ட்டை அழிச்சுட்டோம்னு நினைக்கமாட்டானா? நீ எப்படியாவது சரி பண்ணிடும்மா" என்றார்.

'முடியாது சார்' என்று சொல்லியிருக்கலாம். வரிசையாகத் தெரிய வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு வரிசை எண்ணை வைத்திருக்கலாம். இரண்டு நாள் வேலை. இரண்டு நாள் வேலைக்கு யார் மெனக்கெடுவது? எனக்குப் பத்து நிமிஷத்தில் முடிக்கிற வழி தெரியும். தெரிந்ததுதான் வினை.

கரண்ட் வந்ததிலிருந்து நான் உள்ளே நுழைந்தது வரை பதினொரு பேர் பதிந்திருந்தார்கள். இருபத்து நாலாயிரத்து ரெண்டிலிருந்து பன்னிரண்டு வரை. அந்தப் பதினொரு பேரையும் இருபத்து மூவாயிரத்து ஏழிலிருந்து தொடங்கி வரிசையாக இழுத்து வந்து உட்கார வைத்தேன். தானாக ஏறுகிற நெடுவரிசையை நேராகத் திருத்த விடாது. அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது. 'இந்தத் தடவை நான் சொல்கிற எண்ணையே எடுத்துக்கொள்' என்று அதன் வாயை அடைக்கிற கட்டளை. அதைக் கொடுத்துப் புது எண்ணில் பதினொரு வரிகளைச் சேர்த்தேன், பழைய பதினொன்றை அழித்தேன். பிறகு 'இனிமேல் இருபத்து மூவாயிரத்துப் பதினேழுக்கு அடுத்ததிலிருந்து எண்ணு' என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் கேட்டுக்கொண்டது. டியூப்களிலும் ஸ்லைடுகளிலும் இருந்த எண்ணை நானே உள்ளே போய் மார்க்கர் பேனாவால் மாற்றி எழுதினேன். அதில் ஒரு பிசகும் இல்லை. சரியாகத்தான் எழுதினேன்.

மாற்ற முடியாதது ஒன்றுதான். பதினொரு பேரும் பழைய எண் அச்சடித்த அட்டையோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அதன் ஆபத்து எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். எண் மறுபடி ஏறிக்கொண்டே போய், கிட்டத்தட்ட ஆயிரம் பேர் கழித்து அதே இருபத்து நாலாயிரத்து ரெண்டைத் தொடும். ஒரு மாதக் கணக்கு. அப்போது அந்த எண்கள் வேறு பதினொரு பேருக்குப் போகும். அதற்குள் யாராவது பழைய அட்டையோடு வந்தால் 'அப்படி எண்ணே இல்லை' என்று கம்ப்யூட்டர் சொல்லிவிடும், பெயரைக் கேட்டுத் தேடிவிடலாம். அதற்குப் பிறகு வந்தால் வேறு யாருடைய ரிப்போர்ட்டாவது வரும். ஆனால் யார் ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட் வாங்க வரப்போகிறார்கள்? இருந்தாலும் பதினொரு பேருக்கும் போன் செய்து சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பத்துப் பேர் கிடைத்தார்கள். "நம்பர்தானம்மா மாறியிருக்கு? என் சுகர் மாறியிருந்தா சொல்லுங்க, அல்வா வாங்கித் தரேன்" என்றார் ஒருவர். பதினோராவது, வையம்பட்டிப் பக்கத்துப் பெண். வயது ஐம்பத்து இரண்டு. கழுத்தில் கட்டி, ஊசி போட்டு அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஸ்லைடில் தடவி வைத்திருந்தார்கள். அனுப்பின டாக்டர் பெயர் என்ற கட்டம் காலி, தானாகவே வந்திருக்கிறாள். அட்டையில் இருபத்து நாலாயிரத்து ஒன்பது. என் டேபிளில் இப்போது இருபத்து மூவாயிரத்துப் பதினான்கு. கொடுத்திருந்த போன் ஸ்விட்ச் ஆஃப். மூன்று தடவை முயன்றேன். சாயங்காலமும் அதே. அந்த எண்ணை யாராவது தட்டினால் திரையில் எச்சரிக்கை வரும்படி ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம். வருஷக்கணக்காக வரி வரியாக எழுதின கைதானே? நான் என்ன செய்தேன் தெரியுமா? மஞ்சள் நிற ஒட்டுக் காகிதத்தில் '24009 வந்தால் என்னைக் கூப்பிடவும்' என்று எழுதிக் கவுண்டர் கம்ப்யூட்டரின் ஓரத்தில் ஒட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் டாக்டர் அவள் ஸ்லைடைப் பார்த்து எழுதிவிட்டார். புற்று. நிணநீர்க் கட்டியில் வருகிற வகை. அவசரம், உடனே சொல்லவும் என்று குறிப்பும் போட்டார். கவுண்டரில் அந்த போனுக்கு அடித்துப் பார்த்தார்கள். ஸ்விட்ச் ஆஃப். 'வாங்க வரும்போது சொல்லிக்கலாம்' என்று கவரில் போட்டு அலமாரியில் வைத்தார்கள். கவரின் மேல் 23014.

அடுத்த வாரம் சான்றிதழ்க்காரர்கள் வருகிறார்கள் என்று லேபைக் கழுவித் துடைத்தார்கள். மேசைமேல் ஒரு தூசு இருக்கக்கூடாது, சுவரில் ஒரு காகிதம் தொங்கக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. என் மஞ்சள் காகிதம் போன இடம் தெரியவில்லை. போனதை நான் கவனிக்கவும் இல்லை. வந்தவர்கள் ரிஜிஸ்டரைப் புரட்டினார்கள். வரிசை எண் கணக்காக இருந்தது. சான்றிதழ் வந்து ஹாலில் மாட்டியாயிற்று.

அப்புறம் அந்தப் பதினொரு பேரும் என் நினைப்பில் இல்லை. பங்குனி, சித்திரை, வெயில், காவிரியில் தண்ணீர் வந்தது, ஆடிப்பெருக்குக்குப் பாலத்தில் நெரிசல். நான் பாட்டுக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன், சீரியல் பார்த்தேன். 

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எங்கள் லேபில் அலமாரி காலி செய்வது வழக்கம். ஆறு மாதத்துக்கு மேல் யாரும் வாங்காத ரிப்போர்ட்களை எடுத்துக் கிழித்துவிட்டுத்தான் பொட்டு வைப்பார்கள். வாங்காதவர்களின் பட்டியலை எடுத்துக் கொடுப்பது என் வேலை. எடுத்தேன். இருபது இருபத்தைந்து பேர். நடுவில் 23014. எண்ணைப் பார்த்ததும் ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும்தான் எழுந்து அலமாரிக்கு ஓடினேன்.

கவரைப் பிரித்து ரிப்போர்ட்டைப் படித்தேன். பிறகு இருபத்து நாலாயிரத்து ஒன்பதைத் தேடினேன். அது இப்போது ஜீயபுரத்து வாழைத்தோட்டக்காரர் வீட்டுப் பெண்ணின் எண். சர்க்கரை, ரத்தம், தைராய்டு பார்த்திருந்தாள். எல்லாம் அளவோடு இருந்தது. அந்த ரிப்போர்ட் இரண்டு தடவை அச்சாகியிருந்தது. யார் எப்போது அச்சடித்தாலும் நேரத்தோடு குறித்து வைக்கும்படி எழுதினவளும் நானே. முதல் தடவை, பதிந்த அன்று சாயங்காலம். இரண்டாம் தடவை, பங்குனிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று நாற்பது. அந்த நேரத்தில் நான் பத்தடி தூரத்தில் என் அறையில் இருந்திருப்பேன்.

அன்று கவுண்டரில் இருந்தவள் எடமலைப்பட்டி புதூரிலிருந்து வருகிறவள், பத்து வருஷ அனுபவம் உள்ளவள். அவளைக் கேட்டேன்.

"ஞாபகம் இல்லையேக்கா. தினம் நாப்பது பேரு வராங்க. படிக்கத் தெரியாதவங்க ரிப்போர்ட்டை நம்மகிட்டயே நீட்டி 'ஒண்ணும் இல்லையேம்மா?'ன்னு கேப்பாங்க. நாமளும் பார்த்துட்டு சொல்றதுதானே. டாக்டர்கிட்ட போங்கன்னா யாரு போறாங்க? நார்மல்னு இருந்தா நார்மல்னு சொல்லியிருப்பேன். எதுக்குக்கா கேக்கறீங்க?" என்றாள்.

சொன்னேன். அவள் முகம் விழுந்துவிட்டது. "ஐயோ, நான் சொல்லிட்டேனாக்கா?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நீ இல்லை, நான் என்று சொன்னேன். அவளுக்கு அது காதில் விழவில்லை.

டாக்டரிடம் இரண்டு காகிதத்தையும் கொண்டுபோய் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். "சார், இது பிழைக்கக்கூடிய வகையா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மருந்துக்குக் கட்டுப்படற வகைதான்மா" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "யானைக்கும் அடி சறுக்கும். நீ வேணும்னு பண்ணலையே. முதல்ல போன் பண்ணி ஆளு எப்படி இருக்குன்னு பாரு. ஏதாவது ஆகியிருந்தா... அதோட விட்டுடு. வெளியில பேசாதே" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யானைக்கு அடி சறுக்கினால் யானை விழும். இங்கே சறுக்கினது நான், விழுந்தது எங்கோ கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி. பதினாறு வருஷ மரியாதை, வாயைத் திறக்காமல் வெளியே வந்தேன்.

போன் இந்தத் தடவை போயிற்று. எடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். "அந்தக்காவுங்களா? அவங்க தவறிப்போயி ரெண்டு மாசம் ஆச்சுங்களே. நீங்க யாரு பேசறது?" என்றார். நான் வைத்துவிட்டேன்.

அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் சரி செய்தேன். ஒரு தடவை கொடுத்த எண் இனி எந்தக் காலத்திலும் மறுபடி வராதபடி பூட்டினேன். ரிப்போர்ட் கொடுக்கும்முன் பெயரையும் வயதையும் கேட்டுத் தட்டினால்தான் அச்சாகும்படி மாற்றினேன். ஒரே நாளில் முடிந்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கையெடுத்து நிதானமாக, அழகாகச் செய்தேன், சனியனே என்று என்னையே திட்டிக்கொண்டு.

ஆயுத பூஜை லீவில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுனுக்கு, டவுனிலிருந்து பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு, அங்கே திண்டுக்கல் பஸ். வழியெல்லாம் பஸ்களுக்கு வாழைக்கன்று கட்டிச் சந்தனம் தடவியிருந்தார்கள். என்ன சொல்லப்போகிறேன் என்று மணப்பாறை வரை மனப்பாடம் பண்ணினேன். மணப்பாறையில் திரும்பிவிடலாம் என்று எழுந்தேகூட நின்றேன். பக்கத்தில் இருந்தவர் நான் இறங்கப்போகிறேன் என்று என் இடத்தில் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். வையம்பட்டி வரை நின்றுகொண்டே போனேன்.

வையம்பட்டியில் இறங்கி ஆட்டோவில் போனால் இரண்டு மைல். அரசாங்கம் கட்டிக் கொடுத்த பசுமை வீடு, முன்னால் தகரப் பந்தல். அவள் புருஷன் பந்தலில் உட்கார்ந்து மம்பட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். திருச்சி லேபிலிருந்து வருகிறேன் என்றதும் அவசரமாக எழுந்து துண்டால் நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

"அம்மாம் தூரத்துலேருந்தா வந்தீங்க? உக்காருங்கம்மா. பூசை அன்னைக்கு வந்திருக்கீங்க, ஒரு கலராச்சும் குடிங்க." வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் கடைக்குப் போய் வாங்கிவந்தார்.

உள்ளே சுவரில் அவள் படம். ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிசாக்கியிருந்தார்கள். மாலை புதிது. நான் அவள் முகத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

அவர் அவராகவே பேசினார். களை வெட்டு இருந்ததால் ரிப்போர்ட் வாங்க ஒன்றரை மாதம் போக முடியவில்லையாம். வாங்கி வந்த அன்று அவள் மிக்சரும் ஜாங்கிரியும் வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தாளாம். ஆனி மாதம் காய்ச்சல் நிற்காமல் அடித்துப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது, முற்றிவிட்டது என்றார்களாம். ஆவணியில் முடிந்துவிட்டது.

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். அதற்குள் மடிப்புக் கலையாமல் ரிப்போர்ட் இருந்தது. மேலே ஜீயபுரத்துப் பெண்ணின் பெயர், இங்கிலீஷில்.

"இதைப் பெரியாஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டுபோகலைம்மா. ஒண்ணுமில்லைன்னு வந்த காயிதத்தை எதுக்குக் காட்டணும்? ஆனா பத்திரமா வச்சிருக்கேன். சனங்க வாய் சும்மா இருக்குங்களா? நீ பாக்காம விட்டுட்டே, பொண்டாட்டியக் கொன்னுட்டேன்னு ஏசுதுங்க. அவ தம்பி என்கிட்ட பேசறதே இல்லை. நான் இதை எடுத்துக் காட்டுவேன். பாரு, பங்குனி வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் கெடையாது, டவுன்லயே எழுதிக் குடுத்திருக்கான், அதுக்கப்புறம் வந்த நோய்க்கு நான் என்ன பண்ணுவேன்னு கேப்பேன். இது இல்லேன்னா நான் பைத்தியமாயிருப்பேம்மா." அவர் காகிதத்தை மறுபடி மடித்தார். "உங்க மேலயும் தப்பில்லை. உங்களுக்கு என்ன தெரியும், அப்ப இல்லாததை எப்படிச் சொல்லுவீங்க?"

அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். கலரைக் குடித்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்திருக்க வேண்டும். அந்த மனுஷர் கையில் இருந்தது என் பொய். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தார்.  உண்மையைச் சொல்வது அவருக்காக என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். அவருக்காக இல்லை. என் பாரத்தை எங்கேயாவது இறக்கியாக வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லிவிட்டேன். நம்பர் மாறினது, போன் கிடைக்காதது, வேறு ஒருத்தி காகிதத்தைக் கொடுத்தது, இவள் காகிதம் அலமாரியிலேயே கிடந்தது, எல்லாவற்றையும். "அப்பவே இருந்துச்சுங்க. மாசியிலயே இருந்துச்சு. அப்பவே மருந்து குடுத்திருந்தா கட்டுப்பட்டிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. என் தப்புங்க" என்றேன். கும்பிட்டேன். அடிக்கட்டும் என்றுதான் கும்பிட்டேன். தெருவைக் கூட்டட்டும், போலீஸுக்குப் போகட்டும், மம்பட்டியை எடுக்கட்டும்.

அவர் என்னைத் திட்டவே இல்லை. மடியில் இருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னைக் கேட்கிற மாதிரியும் இல்லாமல் கேட்டார்.

"அப்ப சித்திரையிலயும் இருந்திருக்கு?"

"இருந்திருக்குங்க."

"கடலை புடுங்கறப்ப வரப்புல படுத்துட்டா. எந்திரிக்க முடியலைன்னா. ஒண்ணுமில்லைன்னுதான் காயிதம் குடுத்திருக்கான்ல, வேலைக்குக் கள்ளம் பண்றியா, நடிக்கிறியான்னேன்." காகிதத்தின் மடிப்பை விரலால் நீவினார். "அது நெசமாவே முடியாமத்தான் படுத்தாளா?"

 ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"முப்பது வருசத்துல நான் அவ மேல கை வச்சதே இல்லம்மா," என்றார். "அன்னைக்குத்தான் அடிச்சேன்."